வெட்டிய மூன்று வினாடி

எங்கள் கம்பெனியில் எல்லாரும் பொறாமைப்படுகிற அறையில் நான் மாட்டிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. லைனுக்கு மேலே, இரும்புப் படியேறிப் போனால் வரும் கண்ணாடி அறை. ஏசி உண்டு, சுழலும் நாற்காலி உண்டு, எட்டு மணி நேரம் நின்று கால் வீங்குகிற கஷ்டம் இல்லை. கீழே வேலை செய்கிற நாற்பது பேரும் தெரிவார்கள், அவர்கள் பேசுவது ஒன்றும் கேட்காது. அவர்கள் நிமிர்ந்து பார்த்தால் நான் தெரிவேன். என் அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, "எம் பொண்ணுக்கு இப்ப கம்ப்யூட்டர்ல வேலை" என்று போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். பிடிக்கவில்லை என்று நான் வாய் திறந்தால் கொழுப்பு என்பாள்.

அதற்கு முன்னால் நானும் கீழேதான் நின்றேன். இருசக்கர வண்டிகளுக்கு ஒயர்கட்டு செய்கிற கம்பெனி இது. ஒயர் நுனியில் இருக்கும் சின்ன உலோக முனையை ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருக வேண்டும். சரியாக உட்கார்ந்தால் ஒரு 'டிக்'. மெஷின் சத்தத்தில் அது காதுக்குக் கேட்காது, விரலுக்குத் தெரியும். எட்டு முனைகளையும் செருகிச் சோதனைப் பலகையில் வைத்தால் 'பீப்' என்று அடிக்கும். எடுத்துத் தள்ளிவிட்டு அடுத்ததைத் தொட வேண்டியதுதான். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கினாலும் தலைக்குள் பீப் அடித்துக்கொண்டிருக்கும்.

எனக்கு இடப்பக்கத்து மேஜை ஓர் அக்காவுடையது. தொரப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஊர். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், சூப்பர்வைசரோடு கன்னடம், கோபம் வந்தால் மட்டும் எல்லாரோடும் தெலுங்கு. புருஷனோடு ஒத்துவராமல் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்து ஒற்றை அறையில் குடியிருந்தாள். வேலை போனால் புருஷனின் அண்ணன், அந்த மச்சாண்டார் வீட்டுக்கே திரும்ப வேண்டும். அங்கே போனால் மகளை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள். இதை அவள் புலம்பலாகச் சொன்னதில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, குழம்பில் உப்பு குறைச்சல் என்று சொல்கிற தோரணையில் சொல்வாள். எங்களில் முக்கால்வாசிப் பேரைப் போல அவளும் கான்ட்ராக்ட். வருடம் ஒருமுறை நீட்டித்தால்தான் உண்டு.

அக்காவுக்கு உள்ளங்கை வேர்க்கும். மார்கழி மாத ஓசூர்க் குளிரில், நாங்களெல்லாம் ஸ்வெட்டரோடு நிற்கும்போதும் வேர்க்கும். ஈர விரலில் முனை வழுக்கும், டிக் சரியாகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு உருப்படிக்கும் இரண்டு தடவை, இடுப்பில் செருகியிருக்கும் துண்டில் கையைத் துடைத்துக்கொள்வாள். தொடங்கும் முன் ஒரு தடவை, கடைசி இரண்டு முனைகளுக்கு முன் ஒரு தடவை. நான் அதை வைத்துக் கிண்டல் செய்வேன். "மாவு பிசைஞ்சிட்டு வந்து நிக்கறீங்களாக்கா?" என்பேன். "நீ மொதல்ல உன் பீப்ப அடி பாப்பா" என்பாள். ஆனால் அவள் கை வேகமான கை. துடைக்கிற நேரத்தைக் கழித்தால் அந்த லைனில் அவளைத் தாண்ட ஆள் கிடையாது. இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம், பக்கத்தில் நின்றதால்.

நான் மேலே போனது என் வாயால். டைம் ஸ்டடி என்று ஒன்று உண்டு. மேஜைக்கு மேலே கேமராவைப் பொருத்தி, வேலை செய்கிற கைகளை மட்டும் எடுப்பார்கள். முகம் வராது. பத்துப் பேரின் கைகளைப் பத்து கிளிப்பாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, யார் எத்தனை வினாடியில் முடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அதைச் செய்துகொண்டிருந்த எஞ்சினியர் சார் ஒருநாள் என் கிளிப்பில் ஏதோ சந்தேகம் கேட்க என்னைக் கூப்பிட்டிருந்தார். மவுஸால் ஒவ்வொரு கிளிப்பாக இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று நகர்த்திக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"சார், கண்ணால பாத்து வெக்காதீங்க. சத்தத்த வெச்சு வைங்க" என்றேன்.

கம்பெனிக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்தவள் நான். மூன்று கேமராவில் எடுத்த கல்யாணத்தை ஒரே நேரத்துக்குக் கொண்டுவர, மூன்றிலும் இருக்கிற ஒரு பெரிய சத்தத்தைத் தேட வேண்டும். மண்டபக் கல்யாணத்தில் கெட்டிமேளம். எங்கள் வேதக்கார ஆட்கள் கல்யாணத்தில் மாதா கோயில் மணி. திரையில் அந்த இடத்தில் சத்தக் கோடு ஒரு குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கும். அந்தக் குச்சிகளை ஒரே நேர்கோட்டில் வைத்துவிட்டால் போதும், படம் தானாகச் சேர்ந்துகொள்ளும். இங்கே கெட்டிமேளத்துக்குப் பதில் பீப். ஒவ்வொரு கிளிப்பிலும் முந்தைய உருப்படி முடிந்த பீப்பில் ஒரு அடையாளம் போட்டு, எல்லாவற்றையும் தேர்வு செய்து ஒரே கட்டளை கொடுத்தேன். வேறு வேறு நாளில் எடுத்த பத்துப் பேரும் ஒரே நொடியில் வேலையைத் தொடங்கினார்கள். அடுத்த பீப் யாருக்கு எங்கே அடிக்கிறது என்று பார்த்தால் யார் முந்தி, யார் பிந்தி என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அவருக்கு அரை நாள் பிடிக்கிற வேலை டீ ஆறுவதற்குள் முடிந்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எனக்குக் கண்ணாடி அறை.

முதல் மாதம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டாவது மாதம் விஷயம் புரிந்தது. நான் சீக்கிரம் அடுக்க அடுக்க அவர்கள் அதிகம் எடுத்தார்கள். முன்பு ஒரு மேஜைக்குப் பத்து கிளிப், இப்போது முப்பது. கீழே என்னோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எனக்குக் கைகளாகிவிட்டார்கள். வளையல் இல்லாத கை, நகம் கடித்த கை, பிளாஸ்டர் ஒட்டிய கை. சாப்பாட்டு நேரத்தில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு மாறியது. திரும்ப லைனுக்கே போகிறேன் என்று சாரிடம் கேட்டேன். "ஏசி ரூம விட்டுட்டு யாராவது கீழ போவாங்களாம்மா?" என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவர் மேல் கோபப்பட முடியாததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போன வருடத்துக்கு முந்திய வருடம், கான்ட்ராக்ட் நீட்டிக்கிற மாதம் வந்தது. "இந்த ஸ்டடில கடைசியா வர்ற ரெண்டு பேர நீட்டிக்கப் போறதில்ல. வெளிய சொல்லாதீங்க" என்று சார் சொல்லிவிட்டு, கேமராக் கார்டை மேஜையில் வைத்துப் போனார்.

கார்டில் ஏழாவது கிளிப் அக்காவுடையது. முகம் வேண்டியதில்லை. அவள் இடது மணிக்கட்டில் பச்சை குத்திய மூன்று புள்ளிகள் உண்டு. வழக்கம் போல எல்லாவற்றையும் பீப்பில் வைத்து அடுக்கினேன். அக்காவின் அடுத்த பீப் எல்லாருக்கும் பின்னால், தனியாக நின்றது. கடைசி.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் துடைப்பதற்கு என்று இரண்டு இடம். இரண்டிலும் கை மேஜையை விட்டு இடுப்புக்குப் போகிறது, திரும்பி வருகிறது. போகும்போது திரையில் கை இல்லை, வெறும் மேஜை. வெறும் மேஜையை வெட்டினால் யாருக்குத் தெரியும்? மெஷின் இரைச்சல் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஒட்டிய இடம் காதுக்கும் தெரியாது. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் தாய்மாமன் கொட்டாவி விடுவதை எத்தனை தடவை வெட்டியிருக்கிறேன். வெட்டினேன். இரண்டும் சேர்த்து மூன்று வினாடி. அந்தக் கிளிப்பில் அவள் செய்த எல்லா உருப்படியிலும் அப்படியே வெட்டினேன்.

பிறகு மறுபடி அடுக்கியபோது அவளுடைய பீப் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றது. ஒரு துடைப்பை மட்டும் வெட்டியிருந்தால் நடுவில் எங்கேயோ வந்திருப்பாள், யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டாள். அதைத் திருத்த எனக்கு ஒரு நிமிடம் போதும். திருத்தவில்லை. அவள் முதலாவதாக வருவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. உண்மையில் அவள்தானே வேகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே அனுப்பிவிட்டேன்.

அதுவரை எல்லாருடைய வினாடியையும் கூட்டிச் சராசரி எடுத்துத்தான் இலக்கு வைப்பார்கள். அந்த முறை, எங்களிடம் வாங்குகிற வண்டிக் கம்பெனி நெருக்குகிறது என்று சொல்லி, முதலில் வந்தவருடைய வினாடியையே இலக்காக வைத்தார்கள். இது எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று அக்காவின் கைகள் ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு சின்னத் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் நான் போட்ட வினாடிக் கணக்கும் கூடவே ஓடியது. எல்லாரும் இதைப் பார்த்து இதே மாதிரி செய்ய வேண்டும் என்று உத்தரவு.

அவளுக்குக் கான்ட்ராக்ட் நீண்டது. கடைசியில் வந்த வேறு இரண்டு பேர் போனார்கள். அவர்களில் ஒருத்தியின் இடத்தில் உண்மையாக இருந்திருக்க வேண்டியது யார் என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டு டீ குடிக்கப் போனேன், அவ்வளவுதான்.

திரை வந்த முதல் நாள் அக்கா மேலே என்னைப் பார்த்துச் சிரித்தாள். தன் கையைத் தானே காட்டிக்கொண்டாள். மகளிடம் சொன்னாளாம், அம்மா டிவியில் வருகிறேன் என்று. ஒரு வாரம் போவதற்குள் லைனில் அவளோடு யாரும் பேசவில்லை. "உனக்கும் ரெண்டு கைதான கீது, எங்களுக்கு மட்டும் நாலா கீது? எதுக்குக்கா இப்படிப் பறந்து காட்டின?" என்று ஒருத்தி சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் கேட்டாள். அக்கா டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். நான் எதிரில் உட்கார்ந்து ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அவளாலேயே அந்த வினாடிக்குள் முடிக்க முடியவில்லை. முடிகிற காரியமா அது? "ஸ்டடில பண்ணீங்கல்ல? கேமரா முன்னாடி வர்ற ஸ்பீடு கேமரா இல்லன்னா வராதா?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம். அவள் திரையைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். கண்ணாடி வழியாக எனக்குத் தெரியும். சோதனைப் பலகையில் வைத்துவிட்டு நிமிர்வாள், தன் கை ஏற்கெனவே அடுத்ததைத் தொடங்கியிருப்பதைப் பார்ப்பாள், குனிவாள். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டாள். வேகம் கொஞ்சம் வந்தது. பலகை பீப் அடித்தாலும், முனைகள் முழுக்க உட்காராததால் உருப்படிகள் திரும்பி வர ஆரம்பித்தன. ரிஜெக்‌ஷன் பெட்டியில் அவள் எண் போட்ட சீட்டுகள் சேர்ந்தன.

ஒருநாள் டீ நேரத்தில் இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். அந்த வீடியோல நான் கையத் தொடைக்கவே இல்லியே."

நான் திரையில் ஓடிக்கொண்டிருந்த கிளிப்பை நிறுத்தினேன்.

"ஒரு வாரமா பாக்கறேன். எட்டு முனை போடறேன், எடுத்து வெக்கறேன். தொடைக்கறதே இல்ல. நான் தொடைக்காம போட்டதே கெடையாது. அது எப்படி?"

சொன்னேன். கடைசியில் வந்தது, வெட்டியது, எல்லாம். திட்டுவாள், தெலுங்கில் ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கதவிலிருந்து கையை எடுத்து இடுப்புத் துண்டில் துடைத்தாள். கண்ணாடியில் அவள் விரல்கள் ஈரமாகப் பதிந்திருந்தன.

"என்னக் கேட்டிருக்கலாம்ல" என்றாள். பிறகு, "சரி. எடுத்தத திரும்ப வெச்சிரு. சார்கிட்ட சொல்லிரு" என்றாள்.

சொல்லத்தான் போனேன். போகிற வழியில் என் வேலை நினைவுக்கு வந்தது. ஸ்டடியை வேண்டுமென்றே மாற்றினேன் என்று சொன்னால் அன்றைக்கே என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார்கள். அம்மா, கோயில் வாசல், எல்லாம் கண்முன் வந்தது. அதனால் சாரிடம் "கவனிக்காம கொஞ்சம் வெட்டிட்டேன் சார், வெட்டாதது இதுதான்" என்று இரண்டையும் மேலும் கீழுமாக அடுக்கிக் காட்டினேன். பீப்பில் வைத்துத்தான் அடுக்கினேன். பழக்கம்.

அவர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். என் தலை தப்பாது என்று நினைத்தேன்.

"அட, இதுதாம்மா வேஸ்ட்டு. கையத் தொடைக்கறதுல எந்த வேலையும் நடக்கல பாருங்க. இத்தன நாளா நாங்க யாருமே இதக் கவனிக்கல. நீங்க தெரியாம வெட்டினதே நல்லதாப் போச்சு" என்றார்.

"சார், அவங்களுக்கு கை வேர்க்கும். தொடைக்கலன்னா அந்த டிக் தெரியாது."

"அதுக்கு விரல் உறை குடுத்துரலாம். ஒரு மணி நேரத்துல அவங்க எத்தன தடவ தொடைக்கறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

"அப்ப அந்த டைம மாத்த முடியாதா சார்?"

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "எறங்கின டைம் ஏறாதும்மா. மேல எல்லாருக்கும் அனுப்பியாச்சு" என்றார்.

அந்த மாதம் சிறந்த யோசனைக்கான பலகையில் என் போட்டோ வந்தது. தேவையற்ற அசைவைக் கண்டுபிடித்து நீக்கியவர் என்று கீழே எழுதியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் இருக்கிற பலகை. அக்கா தினம் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போக வேண்டும். நான் வேறு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

விரல் உறை போட்டதும் அவளுக்கு டிக் சுத்தமாகத் தெரியாமல் போனது. கழற்றினால் சூப்பர்வைசர் போடச் சொன்னார். போட்டால் உருப்படி திரும்பி வந்தது. அடுத்த வருடம் கான்ட்ராக்ட் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இலக்கு நேரத்தை எட்டவில்லை என்பது காரணம்.

கடைசி நாள் கேட்டுக்குப் பக்கத்தில் அடையாள அட்டையையும் ஷூவையும் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் நின்றேன். மகள் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "டிசி வாங்கிட்டேன்" என்றாள்.

பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு முன் திரும்பி, "பாப்பா, அந்த வீடியோல இருந்து என் கைய மட்டும் எடுத்துரு" என்றாள்.

எடுக்கவில்லை. எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன், அது உண்மையும்கூட. புது ஆட்களின் கிளிப் வரும்போதெல்லாம் மேலே அவளுடைய கிளிப்பை வைத்து, கீழே அவர்களுடையதை வைத்து, பீப்பில் சேர்த்து, எத்தனை வினாடி பின்தங்கியிருக்கிறார்கள் என்று எழுதி அனுப்புவது என் வேலை. வெட்டி எடுத்த துண்டுகள் ஒரு தனிக் கோப்பில் கிடக்கின்றன. போட்டுப் பார்த்தால் வெறும் மேஜை, இரைச்சல்.

சென்ற வாரம் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். சாலையில் யானை நின்றதால் பஸ் தாமதம் என்று முதல் நாளே சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். தன் கிளிப்பைப் பார்க்க மேலே அனுப்பியிருந்தார்கள். இரண்டு கிளிப்பையும் சேர்த்து ஓட்டினேன். மேலே மூன்று புள்ளி வைத்த கை முடித்துவிட்டது, கீழே இவள் கை இன்னும் இரண்டு முனைகளைச் செருகிக்கொண்டிருந்தது. வாயில் கையை வைத்துப் பார்த்தாள்.

"யம்மா, என்னா கையி. இந்தக்கா எந்த லைன்ல கீறாங்க? போயி பக்கத்துல நின்னு கத்துக்கறேன்" என்றாள்.

"இப்ப இல்ல. வேலைய விட்டு எடுத்துட்டாங்க."

"இவங்களயா? எதுக்கு?"

"டைமுக்கு முடிக்க முடியலன்னு."

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். அடுத்த கிளிப்பை எடுத்துக் கீழே வைத்து, பீப்பில் அடையாளம் போட்டேன்.